இரண்டாம் ஓலைக்கு ஒரு தடை

14 ஜூன் 2025, சனி

சபை ஹாலிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாவிட்டால் மகள் பெனிஷாவிடம் எரிந்து விழுவேன். காலேஜில் சீட் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிற பெண், அவளை எதற்குக் கெடுப்பது.

புதிதாக வந்திருக்கும் போதகர் சின்ன வயசு. இறையியல் கல்லூரியில் படித்ததை மறப்பதற்குள் எங்களுக்கு ஊட்டிவிட வேண்டும் என்று அவசரம். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆதிப் பிதாக்கள் வாசிப்பு. திருச்சபையின் முதல் சில நூற்றாண்டுகளில் பெரியவர்கள் எழுதியதைத் தமிழில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். ஆளுக்கு ஒரு பத்தி வாசித்துவிட்டுப் பேச வேண்டும். முதல் இரண்டு வாரம் திரித்துவம். யாருக்கும் புரியவில்லை, ஆகவே சண்டையும் இல்லை.

இன்றைக்குத்தான் புரிகிற மாதிரி ஒன்று வந்து தொலைத்தது. ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஒரு பிதா தன் மனைவிக்கே எழுதியது. நான் முதலில் போய்விட்டால் நீ மறுபடி கல்யாணம் செய்துகொள்ளாதே என்று பக்கம் பக்கமாக நியாயம் சொல்கிறார். அந்தப் பத்தியை வாசிக்கும் முறை சரியாக என்னிடம் வந்தது. வாசித்தேன். ஹாலில் ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜெராக்ஸைப் பார்ப்பது எனக்குத் தெரியாதா?

ஜெயசீலன் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாகச் சபையில் நான்தான் மாதிரி விதவை. பிரசங்கத்தில் உதாரணம் வேண்டுமானால் என் வரிசைப் பக்கம் கை நீளும்.

மாதேஷை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற விஷயம் இவர்களில் போதகருக்கும் என் சிநேகிதி ரூபாவுக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்தே இதை இந்த வாரத்துக்கு எடுத்தாரா என்று போதகரிடம் கேட்டேன். "அட்டவணைப்படி வந்துச்சுங்கக்கா" என்றார். அட்டவணை!

15 ஜூன், ஞாயிறு

தலைவலி. ஆராதனைக்குப் போய் வந்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

21 ஜூன், சனி

அதே கட்டுரை, இரண்டாம் வாரம். போன வாரம் "நல்ல கலந்துரையாடல்" நடந்ததாம்.

ரோஹன் யூடியூபில் பத்து நிமிஷச் சுருக்கம் பார்த்துவிட்டு வந்து முக்கால் மணி நேரம் பேசினான். டூல் ரூம் இன்ஜினியர். அந்தக் காலத்து ரோமானியச் சட்டம் என்ன, சொத்து யாருக்குப் போகும் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனான். கட்டுரையை வாசித்தாயா என்றால் "கான்டெக்ஸ்ட் முக்கியம்க்கா" என்கிறான்.

ஐசக் அண்ணன் வாசித்துவிட்டுத்தான் வருவார், அதைச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷம் மெஷின் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். எதைக் கொடுத்தாலும் டிராயிங்காகத்தான் பார்ப்பார். "டிராயிங்ல என்ன இருக்குதோ அதாம்மா பீஸ். நம்ம இஷ்டத்துக்குக் கடைய முடியாது." நான் கேட்டேன், மனைவியை இழந்த ஆண்களுக்கும் இதே டிராயிங்தானா அண்ணா? யோசித்துவிட்டு, ஆம்பளைக்குச் சமையல் தெரியாது, அது வேற என்றார். ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பிதா சமையலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

அதே ஜெராக்ஸ் கட்டில் இருந்த அடுத்த கட்டுரையில் தலைக்குச் சாயம் பூசுவதை அதே பிதா கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். ஐசக் அண்ணன் தலை எப்போதும் கருகருவென்று இருக்கும். அந்தப் பக்கத்தைச் சட்டென்று திருப்பினார்.

ரூபா மட்டும் உருப்படியாக ஒன்று கேட்டாள். நர்ஸ் வேலை, நைட் டியூட்டி முடித்து அரைத் தூக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். "இவ்ளோ எழுதியிருக்காரே, அந்தம்மா என்னா பதில் எழுதுச்சு? அது எங்க?" போதகர், அது கிடைக்கவில்லை என்றார். "கிடைக்காது" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

25 ஜூன், புதன்

கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு லாட் முழுக்க பீஸ்களில் துளை பெரிசாக வந்திருக்கிறது. காலையிலிருந்து கேஜைப் போட்டு அளந்து அளந்து கை வலி. சாப்பாட்டு நேரத்தில் மாதேஷ் போன்.

அவரைத் தெரிந்துகொண்டது போன வருஷ அறுப்பின் பண்டிகை ஏலத்தில். தளியிலிருந்து ஒரு கூடை காலிஃபிளவரைக் காணிக்கையாகக் கொண்டுவந்தவர், அதையே நான் ஏலம் கேட்கக் கேட்க எனக்கு எதிராக ஏற்றிக்கொண்டே போனார். தன் காயைத் தானே ஏலம் எடுக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பசுமைக்குடிலில் ரோஜா போட்டிருக்கிறார். வீட்டில் கன்னடம். மனைவி தவறி ஒன்பது வருஷம். அவருக்குச் சமையல் நன்றாகத் தெரியும்.

வாசிப்பில் நடந்ததைச் சொல்லிப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்ரு தம் பொண்டாட்டிக்கு எழுதுனாரு. அது அவ்ரு மனே விஷயா. நம்க்கு எதுக்கு?" என்றார். இவருக்குக் கோபமே வராதா? எனக்காகவாவது ஒரு தடவை கோபப்படலாம்.

29 ஜூன், ஞாயிறு

பெனிஷாவிடம் சொல்லிவிட்டேன். எப்படியெல்லாம் ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவள் காலிஃபிளவர் மேட்டரிலேயே புரிந்துகொண்டாள். "மாதேஷ் அங்கிளா?" ஆமாம் என்றேன். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். அழுதாலும் சமாதானம் சொல்லியிருப்பேன், சண்டை போட்டாலும் பதில் வைத்திருந்தேன். சரி என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

6 ஜூலை, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று.

இந்தக் காலத்திலும் எங்கள் சபையில் கல்யாண அறிவிப்பை ஓலை என்றுதான் சொல்கிறோம். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். ஒருத்தர் இருமுவார், ஒரு குழந்தை அழும், அடுத்த பாட்டு எண்ணைச் சொல்லிவிடுவார்.

வழக்கமாக "காலஞ்சென்ற இன்னாரின் விதவை" என்று ஒரு அடைமொழி போட்டுத்தான் வாசிப்பார்கள். அது வேண்டாம், அப்பா பெயரைப் போட்டு இன்னாரின் மகள் கிருபாராணி என்று வாசியுங்கள் என்று போதகரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. கல்யாணச் செய்தியிலாவது விதவை என்ற பட்டம் இல்லாமல் இருக்கலாம் இல்லையா. அப்படியே வாசித்தார். காது குளிர்ந்தது.

வாசித்து முடித்ததும் நாற்பது தலைகள் திரும்பின. நான் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினேன். பெனிஷா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

7 ஜூலை, திங்கள்

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் பக்கத்தில் உட்காரும் காவியாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "ஆடி வருதேக்கா, யாராச்சும் ஆடியில கல்யாணப் பேச்சு எடுப்பாங்களா?" எங்களுக்கு ஆடி இல்லை என்றேன். "ஆடிகூட இல்லாம எப்படிக்கா இருக்கீங்க" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். இன்று முழுக்க நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

13 ஜூலை, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை சொல்ல விரும்புகிறவர்கள் என்று போதகர் கேட்டார். யாரோ இருமினார்கள். பிறகு ஐசக் அண்ணன் எழுந்தார்.

"எனக்கு ஒரு தடை இருக்குதுங்க ஐயா."

போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதுவரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள் என்றுதானே கேட்டுக்கொண்டிருந்தார். ஐசக் அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்தார். ஆதித் திருச்சபையின் பெரியவர்கள் இப்படி எழுதியிருக்கிறார்கள், புருஷன் இறந்தாலும் கல்யாண பந்தம் அறுவதில்லை, உயிர்த்தெழும் நாளில் அவர் வந்து பார்க்கும்போது மனைவி இன்னொருவர் வீட்டில் இருக்கக்கூடாது, சபை இதை யோசிக்க வேண்டும் என்றார். குரலை உயர்த்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

மாதேஷ் தளியில் அவர் சபையில் இருந்தார், நல்லவேளை. பெனிஷாவின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை மடியில் இறுக்கிக் கட்டிவைத்திருந்தாள்.

14 ஜூலை, திங்கள்

தூக்கமே இல்லை. என்னா மனுஷங்கடா இவங்க. புருஷன் செத்தப்ப எட்டு நாள் வந்து டீ குடிச்சிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் மூணு ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து பிள்ளைய வளர்த்தேனே, அப்ப எந்தப் பிதா வந்தாரு? பிள்ளைக்கு டைபாய்டு வந்து நான் லீவு கிடைக்காம அழுதப்ப ஒரு ஜெராக்ஸையும் காணோம். இப்ப மட்டும் ஆயிரத்து எண்ணூறு வருஷம் தாண்டி ஒருத்தர் வந்து என் கல்யாணத்துல குறுக்க நிக்கிறாரு.

காவியா என் முகத்தைப் பார்த்தாள். நான் கழிவென்று தள்ளிவிட்ட பீஸ்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து நல்லதைத் தனியாக வைத்தாள்.

16 ஜூலை, புதன்

போதகர் வீட்டுக்கு வந்தார். காபியை ஆறவிட்டே பேசினார். சட்டப்படி இது தடையே இல்லையாம். கணவன் உயிரோடிருந்தால், வயது பத்தாவிட்டால், நெருங்கிய உறவாக இருந்தால், அதெல்லாம்தான் தடை. அப்படியானால் அதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாமே என்றேன். "ஐசக் அண்ணன் சபைக்கு மூத்தவர். கமிட்டியில கூப்பிட்டுப் பேசிட்டா மரியாதையா முடிஞ்சிரும். சனிக்கிழமை நீங்களும் வாங்கக்கா." அதுவரை மூன்றாம் ஓலை நிற்கும்.

ஐசக் அண்ணனுக்கு மரியாதை. எனக்கு சனிக்கிழமை. இத்தனைக்கும் அந்தக் கட்டுரையைக் கொண்டுவந்து போட்டவர் இவர். கேட்டால், "மக்கள் இவ்வளவு சீரியஸா எடுத்துப்பாங்கன்னு நினைக்கலக்கா" என்கிறார். படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, படித்துவிட்டார்களே என்று வருத்தப்படுகிற ஆளை என்ன சொல்வது.

மாதேஷிடம் சொன்னேன். "சரி, பாப்பம்" என்றார். இந்த வீட்டில் ஒரு சரி போதாதென்று அங்கிருந்தும் ஒன்று.

18 ஜூலை, வெள்ளி

ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகுமுன் அடுப்படியில் நின்றே கட்டுரையை முழுக்க வாசித்தேன். என் பிரதியைக் காணவில்லை. பெனிஷாவின் மேஜையில் கிடந்தது. அவளும் பார்த்திருக்கிறாள் போல.

கட்டுரைக்கு இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது! அதில் பிதாவே இறங்கி வருகிறார். உன்னால் முடியவில்லையென்றால், கல்யாணம் செய்துகொள்வதானால், விசுவாசியாகப் பார்த்துச் செய்துகொள் என்கிறார். ஹாலில் அத்தனை பேரும் பாதியோடு நிறுத்திவிட்டோம். இதை வைத்து நாளைக்கு ஐசக் அண்ணனை உண்டு இல்லை என்று ஆக்கப் போகிறேன்.

இன்னொன்றும் தோன்றியது, எழுதப் பிடிக்கவில்லை ஆனாலும் எழுதுகிறேன். முதல் பாகத்தில் சட்டம் பேசுகிற மாதிரி தெரிந்தாலும் அந்த ஆளுக்குப் பயம். தான் போன பிறகு தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார் என்கிற பயம். அதை நேராகச் சொல்லாமல் வேதத்திலிருந்து காரணம் தேடிக்கொண்டே போகிறார். ஜெயசீலன் அப்படியில்லை. ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகக் கவலைப்பட்டது, ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் முடிகிறது என்று.

19 ஜூலை, சனி

கமிட்டி.

நான் இரண்டாம் பாகத்தை எடுத்து வாசித்தேன். வரி வரியாக. ஐசக் அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "எந்த டிராயிங்கா இருந்தாலும் கடைசி ஷீட் வரைக்கும் பாக்கணும்ணா" என்றேன். "ஆமாம்மா, பாக்கணும்" என்றார். தடையைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று போதகர் கேட்டார். "இல்லீங்க ஐயா. இப்ப முடியாதுங்க."

ஏன் முடியாது? காரணம் சொல்லவில்லை. அப்புறம் நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். சமையல் முதல் தலைச்சாயம் வரை ஒன்றையும் விடவில்லை. கமிட்டிக்காரர்கள் நெளிந்தார்கள். மனுஷன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் வெறி ஏற்றியது.

வீட்டுக்கு வந்து, பேசியதை ஒன்று விடாமல் பெனிஷாவிடம் ஒப்பித்தேன். தலைச்சாயம் வரும் இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஐசக் அங்கிளைத் திட்டாதம்மா. நான்தான் சொல்லச் சொன்னேன்."

20 ஜூலை, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. இரண்டு பேரும்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"நீ சரியான்னு கேட்டப்ப சரின்னுதான் இருந்துச்சு. அந்த மொத ஓலை வாசிச்சாங்கல்ல, அதுல அப்பா பேரே இல்ல. தாத்தா பேரு வந்துச்சு, ஒம் பேரு வந்துச்சு, அந்த அங்கிள், அவங்க அப்பா எல்லாரும் வந்தாங்க. எங்கப்பா இல்ல. அவரு இருந்ததே இல்லங்குற மாதிரி. அப்புறம் ஒன் ஜெராக்ஸ எடுத்துப் படிச்சேன். அதுல ஒருத்தருதாம்மா சொல்றாரு, செத்தாலும் அவரு புருஷன்தான்னு. வேற யாரும் சொல்லல. நீயும் சொல்லல. ஐசக் அங்கிள்கிட்ட இது நெஜமான்னு கேட்டேன். எழுதியிருக்குதேம்மான்னாரு. அப்ப நீங்க எந்திரிச்சு சொல்லுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்கன்னேன்."

இரண்டாம் பாகம் படித்தாயா என்று கேட்டேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்.

"படிச்சேன். அது எனக்குத் தேவைப்படல."

எங்கள் வட்டத்தில் எல்லாரும் வாசித்தோம். ரோஹன் சரித்திரம் பேசினான், அண்ணன் சட்டம் பேசினார், நான் சண்டைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். செத்துப்போன மனுஷன் ஒருத்தரின் குரலாக இதை வாசித்தது, வட்டத்துக்கே வராத என் மகள் மட்டும்தான். எனக்கு அவள்மேல் கோபமா, என்மேல் கோபமா, அந்தப் பிதாமேல் கோபமா தெரியவில்லை. மூன்றுமே இருக்கிறது.

22 ஜூலை, செவ்வாய்

பேசினோம். முடிவாக ஒன்றும் வரவில்லை.

விதவை என்ற சொல்லைத்தான் எடுக்கச் சொன்னேன், அப்பாவை இல்லை என்றேன். "ரெண்டும் ஒரே வரியிலதானே இருந்துச்சு" என்றாள். அப்பாவை மறந்துவிட்டுக் கல்யாணம் செய்யவில்லை என்றேன். "தெரியும்மா. எனக்கு அந்த அங்கிளப் பிடிக்கல. கெட்டவரு இல்ல. பிடிக்கல, அவ்ளோதான்."

இதற்குப் பதில் எந்தப் பிதாவும் எழுதிவைக்கவில்லை. நீ சொல்கிற வரைக்கும் மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று போதகரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் ஒருநாளும் சொல்லாமலே போனால்? எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். ஊருக்காக இல்லை, துணைக்கு ஆள் என்றும் இல்லை. அந்த மனுஷன் பக்கத்தில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல என்ன வெட்கம்.

மாதேஷிடம் சொன்னேன். "மகு பயப்படுது. காத்துக்கலாம்" என்றார். கன்னடத்தில் மகு என்றால் குழந்தை. பிறகு முதல்முறையாகக் கோபப்பட்டார், என்மேல். "அவ்ரு பேரை ஏன் எடுக்கச் சொன்னே?"

26 ஜூலை, சனி

வாசிப்புக்குப் போகவில்லை. ஐசக் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், போய்ச் சண்டை போட்டேன். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே அண்ணா, சின்னப் பிள்ளை சொன்னாள் என்று சபை நடுவில் எழுந்து நிற்பீர்களா?

"வாக்குக் குடுத்துட்டேனேம்மா. அவ அப்பன எனக்குக் கீழதான் மெஷின்ல நிறுத்தினாங்க. தகப்பனுக்காக ஒருத்தராச்சும் எந்திரிக்கணும்னு பிள்ள கேக்குது. நான் எப்படி முடியாதுன்னு சொல்வேன்?" பிறகு, "ஆனா ஒண்ணு, அந்தக் கட்டுரைய நான் நெஜமாவே நம்புறேன்" என்றார்.

அதுதான் ஐசக் அண்ணன். அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

30 ஜூலை, புதன்

பெனிஷா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனைக்கு முன் போதகர் வாசலில் என்னை நிறுத்தினார். "பெனிஷா நேத்து ஐசக் அண்ணனோட வந்தாக்கா. தடைய எடுத்தாச்சு. இன்னைக்கு வாசிக்கிறேன், சரிதானே?" என் ஓலை, எனக்கே கடைசியாகத் தகவல். சரி என்றேன். இப்போது நானும் சரி சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாம் ஓலை. "காலஞ்சென்ற ஜெயசீலனின் மனைவி கிருபாராணி" என்று வாசித்தார். விதவை இல்லை, மனைவி. இன்னொருத்தருடைய மனைவி என்று சொல்லியே எனக்குக் கல்யாண அறிவிப்பு. இது எந்த இறையியலில் சேர்த்தி என்று பின்வரிசையில் ரோஹன் முணுமுணுத்தான். ரூபா அவனை ஒரு இடி இடித்தாள். தடை கேட்டபோது யாரும் இருமக்கூட இல்லை.

வரும் வழியில் ஏன்டி என்று கேட்டேன். "காரணம்லாம் கேக்காதம்மா" என்றாள். கேட்கவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

கல்யாணம் முடிந்தது. கூட்டம் சேர்க்கவில்லை. வேலை நாள் என்பதால் வராதவர்களுக்கும் வசதி. பெனிஷா காலேஜ் முடிக்கும் வரை எங்கள் ஓசூர் வீடு அப்படியே இருக்கும். மாதேஷ் பூ ஏற்றிவிட்டு வண்டியில் வந்து போவார். அவளுக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை. அவரிடமே சொன்னாளாம். பரவாயில்லை என்றாராம்.

ஆராதனைக்குப் பிறகு பதிவேட்டில் கையெழுத்து. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். மாதேஷ் பக்கம் அவர் அண்ணன் போட்டார். என் பக்கம் ரூபாவைச் சொல்லி வைத்திருந்தேன். ரூபா பேனாவை எடுப்பதற்குள், "எனக்குப் பதினெட்டு ஆயிருச்சு, நான் போடலாம்ல?" என்று பெனிஷா முன்னால் வந்தாள். போதகர் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, போடலாம் என்றார்.

எங்கேயும் இனிஷியலோடு சின்னதாகத்தான் போடுவாள். இன்றைக்கு நிதானமாக, பெரிய எழுத்தில், பெனிஷா ஜெயசீலன் என்று முழுக்க எழுதினாள். எழுத்து கட்டத்தைத் தாண்டி, என் பெயரும் மாதேஷ் பெயரும் இருந்த இடம் வரைக்கும் வந்துவிட்டது.

"கட்டத்துக்கு வெளிய போயிருச்சேம்மா" என்றார் போதகர்.

இருக்கட்டும் ஐயா என்றேன்.